நேரம் ஏன் பின்னோக்கி ஓடுவதில்லை? விடை தேடிய லுட்விக் போல்ட்ஸ்மானின் கதை

போனில் ரிவர்ஸ் வீடியோ பார்க்காதவர்கள் ரொம்பக் குறைவு. நீச்சல் குளத்துக்குள் இருந்து ஒருவர் வெளியே பறந்து வந்து, சொட்டு ஈரம்கூட இல்லாமல் மேடையில் நிற்பார். தரையில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகள் தானாக ஒன்றுசேர்ந்து டம்ளராகி, மேசைமேல் ஏறி உட்காரும். பார்த்த அரை நொடியில், இது தலைகீழாக ஓடும் வீடியோ என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஆனால் நியூட்டனின் இயக்க விதிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அந்தச் சமன்பாடுகளில் நேரத்தை முன்னால் ஓட்டினாலும் சரி, பின்னால் ஓட்டினாலும் சரி, கணக்கு சரியாகவே வரும். அப்படியென்றால் நமக்கு மட்டும் நேற்று வேறு, நாளை வேறு என்று ஆனது எப்படி?

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்கு முதல் முறையாக உருப்படியான ஒரு பதிலைச் சொன்னவர், ஆஸ்திரிய இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மான். அந்தப் பதிலுக்கு அடிப்படையாக இருந்தது அணு. அவர் காலத்தில் அணுவை யாரும் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே பெரிய பெரிய விஞ்ஞானிகள் நம்பவில்லை. அவருடைய வாழ்க்கைக் கதையும் நேரத்தின் கதையும் இங்கேதான் ஒன்றாகப் பின்னிக்கொள்கின்றன.

கடிகாரம் செய்தவரின் பேரன்

1844 பிப்ரவரி 20-ஆம் தேதி வியன்னாவில் பிறந்தார் போல்ட்ஸ்மான். அப்பா வரித்துறை அதிகாரி. தாத்தா பெர்லினில் இருந்து வியன்னாவுக்கு வந்து குடியேறி, கடிகாரம் தயாரிக்கும் தொழில் செய்தவர். நேரத்தை அளக்கும் கருவியைச் செய்தவரின் பேரன், நேரத்துக்கு ஏன் ஒரே திசை என்று கேட்கப் போகிறார் என்பது அன்று யாருக்குத் தெரியும்?

அவர் பிறந்த இரவு, கிறிஸ்தவர்களின் கொண்டாட்ட நாளான செவ்வாய் முடிந்து, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிறக்கும் இரவு. தன் மனநிலை ஒரு நேரம் உற்சாகத்தின் உச்சியிலும், மறு நேரம் துக்கத்தின் ஆழத்திலும் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று பின்னாளில் அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது வெறும் வேடிக்கை இல்லை என்பது கடைசியில் புரிந்தது.

லின்ஸ் நகரில் பள்ளிப் படிப்பு. அங்கே சில காலம் அவருக்கு பியானோ சொல்லிக் கொடுத்தவர், பிற்பாடு உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளர் அன்டன் புரூக்னர். பியானோ மீதான பிரியம் கடைசிவரை போல்ட்ஸ்மானை விட்டுப் போகவில்லை. 15 வயதில் அப்பா இறந்துபோனார். அம்மா தன் சொத்தைச் செலவழித்துப் பிள்ளையைப் படிக்க வைத்தார்.

1863-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக யோசஃப் ஸ்டெஃபான் கிடைத்தார். பிரிட்டனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் எழுதியிருந்த கட்டுரைகளை மாணவர் கையில் கொடுத்த ஸ்டெஃபான், கூடவே ஒரு ஆங்கில இலக்கணப் புத்தகத்தையும் கொடுத்தார். காரணம், போல்ட்ஸ்மானுக்கு அப்போது ஆங்கிலம் தெரியாது. மேக்ஸ்வெல்லைப் படிப்பதற்காகவே ஆங்கிலம் கற்றுக்கொண்டார். 1866-ல் டாக்டர் பட்டம். 1869-ல், வெறும் 25 வயதில், கிராஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

ஆறிப்போன டீயில் என்ன பிரச்சினை?

அந்தக் காலத்து இயற்பியலில் பெரிய பேச்சு, வெப்பம் பற்றித்தான். நீராவி எந்திரங்கள் ஐரோப்பாவையே மாற்றிக்கொண்டிருந்தன. சூடான பொருளில் இருந்து குளிர்ந்த பொருளுக்குத்தான் வெப்பம் தானாகப் போகும். எதிர்த்திசையில் தானாகப் போகாது. ஆறிப்போன டீ, அறையில் உள்ள வெப்பத்தை இழுத்துக்கொண்டு மறுபடி கொதித்ததாக எங்கேயும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

இதை ஒரு விதியாக வகுத்த ஜெர்மானியர் ருடால்ஃப் கிளாசியஸ், 1865-ல் அதற்கு ஒரு அளவையும் பெயரையும் கொடுத்தார். அதுதான் என்ட்ரோபி. வெளியே இருந்து யாரும் தலையிடாத ஒரு அமைப்பில், என்ட்ரோபி கூடும், அல்லது அப்படியே இருக்கும், குறையாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதைத்தான்.

இந்த விதியில் ஒரு விசேஷம் இருக்கிறது. நேற்றையும் நாளையையும் பிரித்துக் காட்டுகிற விதி இது. என்ட்ரோபி குறைவாக இருந்தால் முந்தைய நேரம், அதிகமாக இருந்தால் பிந்தைய நேரம். அவ்வளவு தெளிவு.

ஆனால் வெப்பம் என்பதே என்ன? கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஓடுவதும் மோதுவதும்தான் வெப்பம் என்றார்கள் மேக்ஸ்வெல் போன்றவர்கள். போல்ட்ஸ்மானும் அந்தக் கட்சிதான். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கேரம் போர்டில் இரண்டு காய்கள் ஒன்றோடொன்று மோதி விலகும் அந்த ஒரு கணத்தை மட்டும் வீடியோ எடுத்து, ரிவர்ஸில் ஓட்டுங்கள். எது நேர், எது தலைகீழ் என்று உங்களால் சொல்ல முடியாது. மூலக்கூறுகளின் மோதலும் அப்படித்தான். ஒவ்வொரு மோதலும் இரண்டு திசையிலும் நடக்கக்கூடியது. ஆனால் கேம் தொடங்கும்போது ஸ்ட்ரைக்கரை அடித்து, நடுவில் அடுக்கி வைத்த காய்கள் நாலாபக்கமும் சிதறுவதை ரிவர்ஸில் ஓட்டினால் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். தனித்தனி மோதல்களில் இல்லாத திசை, மொத்தக் காட்சியில் மட்டும் எங்கிருந்து வந்தது?

28 வயதில் ஒரு பெரிய அறிவிப்பு

1872-ல் போல்ட்ஸ்மான் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். ஒரு வாயுவில் உள்ள மூலக்கூறுகளின் வேகங்கள் நேரம் போகப் போக எப்படி மாறும் என்று கணக்கிட ஒரு சமன்பாடு அதில் இருந்தது. இன்றைக்கும் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் பயன்படுத்தும் போல்ட்ஸ்மான் சமன்பாடு அதுதான்.

அதிலிருந்து அவர் இன்னொன்றையும் காட்டினார். மூலக்கூறுகள் மோத மோத, ஒரு குறிப்பிட்ட அளவு குறைந்துகொண்டே போகும், ஒருபோதும் கூடாது. அந்த அளவைத் தலைகீழாக்கினால் அதுதான் என்ட்ரோபி. அதாவது, இரண்டாம் விதியை வெறும் மோதல் கணக்கில் இருந்தே நிரூபித்துவிட்டதாக அவர் நினைத்தார். நேரத்தின் திசை, மூலக்கூறுகளின் ஓட்டத்திலேயே ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

சாதாரண விஷயமா? 28 வயது இளைஞர் ஒருவர், நேரம் ஏன் முன்னால் ஓடுகிறது என்ற கேள்விக்குப் பேனாவும் காகிதமும் வைத்தே விடை சொல்லிவிட்டார் என்றால்!

நண்பர் கேட்ட ஒரு கேள்வி

நான்கு ஆண்டுகள் கழித்து, 1876-ல், அடி விழுந்தது. அடித்தவர் எதிரி இல்லை. வியன்னாவில் அவரோடு நெருங்கிப் பழகிய, வயதில் மூத்த நண்பர் யோசஃப் லோஷ்மிட். காற்றில் உள்ள மூலக்கூறின் அளவு என்ன என்று 1865-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர்.

லோஷ்மிட் எழுப்பிய கேள்வி இதுதான். ஒரு வாயு பரவிக்கொண்டிருக்கிறது, என்ட்ரோபி கூடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணத்தில் எல்லா மூலக்கூறுகளின் வேகத்தையும் அப்படியே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். பரவிய வாயு மீண்டும் ஒடுங்கும். என்ட்ரோபி குறையும். இதுவும் இயக்க விதிகளுக்கு முழுக்க உட்பட்டதுதான். அப்புறம் எப்படி அந்த விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, என்ட்ரோபி குறையவே குறையாது என்று நிரூபிக்க முடியும்?

கேள்வி நியாயமானது. எங்கே தவறு? போல்ட்ஸ்மானின் கணக்குக்குள் ஒரு அனுமானம் சத்தமில்லாமல் நுழைந்திருந்தது. மோதப்போகும் இரண்டு மூலக்கூறுகளுக்கும் அதற்கு முன் ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லை என்பதுதான் அது. மோதலுக்கு முன் தொடர்பில்லை, மோதிய பிறகு தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொண்டதிலேயே முன், பின் என்ற வேறுபாடு வந்துவிட்டது. நிரூபிக்க வேண்டிய நேரத்தின் திசை, ஏற்கெனவே கணக்குக்குள் உட்கார்ந்திருந்தது.

ஊதுபத்தி சொல்லும் கணக்கு

போல்ட்ஸ்மான் சோர்ந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே, 1877-ல், பதிலை வேறு கோணத்தில் கொண்டு வந்தார். இரண்டாம் விதியை மீறவே முடியாது என்று இல்லை. மீறப்படுவதற்கான வாய்ப்பு மிக மிக மிகக் குறைவு, அவ்வளவுதான். இதுதான் அவருடைய புதிய நிலைப்பாடு.

புரிந்துகொள்ள எளிய கணக்கு ஒன்று. அறையின் ஒரு மூலையில் ஊதுபத்தி ஏற்றுகிறீர்கள். வாசனை அறை முழுக்கப் பரவுகிறது. பரவிய வாசனை மறுபடி அதே மூலைக்குப் போய்ச் சேருவதில்லை. ஏன்?

அறையை இடது பாதி, வலது பாதி என்று பிரித்துக்கொள்வோம். வாசனை மூலக்கூறுகள் 10 மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் இடதிலோ வலதிலோ இருக்கலாம். மொத்தம் 1,024 விதமாக அவை அமையலாம். பத்தும் இடது பக்கமே இருப்பதற்கு ஒரே ஒரு விதம்தான் உண்டு. ஐந்து இந்தப் பக்கம், ஐந்து அந்தப் பக்கம் என்று இருக்க 252 விதங்கள் உண்டு.

மூலக்கூறுகளை 100 ஆக்குங்கள். எல்லாம் இடது பக்கம் இருக்க இப்போதும் ஒரே விதம்தான். சரிபாதியாகப் பிரிந்திருக்க எத்தனை விதம் தெரியுமா? 1-க்குப் பின்னால் 29 பூஜ்ஜியங்கள் போட்டால் வரும் எண்ணை விடச் சற்று அதிகம். உண்மையில் ஒரு டம்ளர் தண்ணீரிலேயே, 1-க்குப் பின்னால் 24 பூஜ்ஜியங்கள் போடும் அளவுக்கு மேல் மூலக்கூறுகள் இருக்கின்றன. அப்போது எத்தனை விதங்கள் என்று எழுத உலகத்தில் உள்ள காகிதம் போதாது.

ஆக, வாசனையை யாரும் பரவச் சொல்லி உத்தரவு போடவில்லை. மூலக்கூறுகள் தம் போக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பரவிய நிலைக்கு வழிகள் கோடானுகோடி. ஒடுங்கிய நிலைக்கு வழிகள் சொற்பம். எங்கே வழி அதிகமோ அங்கே போய்ச் சேருகின்றன. உடைந்த டம்ளர் ஒட்டாததற்கும், ஆறிய டீ கொதிக்காததற்கும் காரணம் இதுவே. லோஷ்மிட் சொன்னபடி எல்லா மூலக்கூறையும் துல்லியமாகத் திருப்பினால் பின்னோக்கிப் போகும்தான். ஆனால் அப்படி ஒரு அமைப்பு தற்செயலாக அமைவதற்கு, நடைமுறையில் வாய்ப்பே இல்லை.

என்ட்ரோபி என்பது இந்த வழிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் அளவு என்று போல்ட்ஸ்மான் காட்டினார். அதன் சுருக்க வடிவம்தான் எஸ் = கே லாக் டபிள்யூ. எஸ் என்றால் என்ட்ரோபி. டபிள்யூ என்பது வழிகளின் எண்ணிக்கை. இரண்டு அமைப்புகளைச் சேர்த்தால் வழிகள் பெருக்கலாகும், என்ட்ரோபியோ கூட்டலாகும். பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தருவதற்குத்தான் லாக். கே என்பது ஒரு மாறிலி.

வீட்டிலே சந்தோஷமும் துக்கமும்

1876-ல் போல்ட்ஸ்மானுக்குத் திருமணம். மணமகள் ஹென்ரியட்டே ஃபான் ஐகென்ட்லர். பெண்களுக்குப் பல்கலைக்கழக வகுப்பில் இடம் கிடைக்காத காலத்தில், கணிதமும் இயற்பியலும் படித்தே தீருவேன் என்று கிராஸ் பல்கலைக்கழகத்தில் மல்லுக்கட்டியவர். அனுமதி மறுத்தபோது மேல்முறையீடு செய்யும்படி அவருக்கு ஊக்கம் கொடுத்தவர் போல்ட்ஸ்மான்தான். இவர்களுக்கு மூன்று மகள்கள், இரண்டு மகன்கள்.

அதே ஆண்டு கிராஸுக்குத் திரும்பியவர், 14 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ஊருக்கு வெளியே பண்ணை வீடு. பிள்ளைகளுக்கு நல்ல பால் கிடைக்கட்டும் என்று சந்தையில் இருந்து மாடு ஒன்றை வாங்கி வந்து, பால் கறப்பது எப்படி என்று விலங்கியல் பேராசிரியரிடம் போய்க் கேட்டாராம். இப்படி ஒரு கதை அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

1884-ல், சூடான பொருள் எவ்வளவு ஆற்றலை வெளியே வீசும் என்று ஆசிரியர் ஸ்டெஃபான் கண்டறிந்திருந்த விதிக்கு, மாணவர் கணித நிரூபணம் தந்தார். நட்சத்திரங்களின் வெப்பநிலையைக் கணக்கிட இன்றும் பயன்படும் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதி அது. 1887-ல் கிராஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது.

ஆனால் அந்த ஆண்டுகளிலேயே மனம் தளரத் தொடங்கியிருந்தது. 1885-ல் அம்மா இறந்தார். 1888-ல் பெர்லினில் இருந்து பெரிய பதவி வந்தது. ஒப்புக்கொண்டார், பிறகு வேண்டாம் என்று பின்வாங்கினார். 1889-ல் மூத்த மகன், அப்பாவின் பெயரே கொண்ட சிறுவன், குடல்வால் அழற்சியால் இறந்தான். நோயின் தீவிரத்தை உணராமல் போனேனே என்று போல்ட்ஸ்மான் தன்னையே நொந்துகொண்டார். அதன் பிறகு ஒரே ஊரில் நிலையாக இருக்கவே முடியவில்லை. 1890-ல் மியூனிக், 1894-ல் வியன்னா, 1900-ல் லீப்சிக், 1902-ல் மறுபடி வியன்னா.

அணுவைப் பார்த்தது யார்?

இன்னொரு பக்கம் அறிவுலகச் சண்டை. போல்ட்ஸ்மானின் கணக்கு மொத்தமும் அணுக்கள், மூலக்கூறுகள் என்ற அஸ்திவாரத்தில் நிற்கிறது. எண்ணுவதற்கு அணுவே இல்லை என்றால், எத்தனை வழிகள் என்ற கேள்விக்கே அர்த்தமில்லை.

வியன்னாவில் எர்ன்ஸ்ட் மாக், பார்க்கவோ உணரவோ முடியாத அணுவை உண்மைப் பொருளாக ஏற்க மறுத்தார். அணு என்பது கணக்குப் போட வசதியான கற்பனை, அவ்வளவுதான் என்பது அவர் கட்சி. லீப்சிக்கில் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், எல்லாமே ஆற்றல்தான், அணு தேவையே இல்லை என்று வாதிட்டார். 1895-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் நடந்த விஞ்ஞானிகள் மாநாட்டில் ஆஸ்ட்வால்ட் தரப்பும் போல்ட்ஸ்மானும் நேருக்கு நேர் மோதினார்கள். அரங்கில் இருந்த இளம் இயற்பியலாளர்கள் பலர் போல்ட்ஸ்மான் பக்கமே சாய்ந்தார்கள்.

இத்தனைக்கும் ஆஸ்ட்வால்டும் அவரும் தனிப்பட்ட முறையில் நண்பர்கள். பிற்பாடு போல்ட்ஸ்மானை லீப்சிக்குக் கொண்டுவந்ததே ஆஸ்ட்வால்ட்தான்.

மேலே, கீழே போலத்தான் நேற்றும் நாளையும்

1896-ல் அடுத்த கேள்வி வந்தது. கேட்டவர் பெர்லினில் மாக்ஸ் பிளாங்கின் உதவியாளராக இருந்த இளம் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் செர்மெலோ. மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஒரு அமைப்பு, போதுமான காலம் விட்டால், ஆரம்ப நிலைக்கு மிக நெருக்கமாகத் திரும்பி வந்தே தீரும் என்று பிரெஞ்சுக் கணித மேதை ஹென்றி புவான்கரே ஏற்கெனவே நிரூபித்திருந்தார். எல்லாம் ஒருநாள் திரும்பி வரும் என்றால், என்ட்ரோபி கூடிக்கொண்டே போகும் என்பது எப்படிச் சரி? இதுதான் செர்மெலோவின் கேள்வி.

திரும்பி வரும், மறுக்கவில்லை என்றார் போல்ட்ஸ்மான். ஆனால் எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன சென்டிமீட்டர் வாயுவுக்கே, அந்த ஆண்டுகளின் எண்ணிக்கையை எழுதி முடிக்க முடியாது. பிரபஞ்சத்தின் வயதெல்லாம் அதன் முன்னால் தூசு.

அதோடு அவர் நிற்கவில்லை. மொத்தப் பிரபஞ்சத்தையும் எடுத்துக்கொண்டால் நேரத்துக்குத் திசையே இல்லாமல் இருக்கலாம் என்று ஒரு யோசனையை முன்வைத்தார். பூமியில் மேலே, கீழே என்று சொல்கிறோம். பூமியின் மையம் எந்தப் பக்கமோ அது கீழே. விண்வெளிக்குப் போனால் மேலும் இல்லை, கீழும் இல்லை. அதுபோலத்தான், என்ட்ரோபி குறைவாக இருக்கும் பக்கத்தை நேற்று என்றும், அதிகமாக இருக்கும் பக்கத்தை நாளை என்றும், நாம் வாழும் பகுதியில் இருந்துகொண்டு அழைக்கிறோம். பிரபஞ்சத்தின் வேறொரு மூலையில் இந்தத் திசை மாறிக்கூட இருக்கலாம்.

19-ஆம் நூற்றாண்டில் ஒரு மனிதர் இப்படி யோசித்தார் என்பதுதான் ஆச்சரியம்.

கடைசி ஆண்டுகள்

லீப்சிக்கில் இருந்தபோது மனச்சோர்வு முற்றி, தற்கொலைக்கு முயன்றார். 1902-ல் வியன்னாவுக்குத் திரும்பியபோது, இனி நாட்டை விட்டு வேறு வேலைக்குப் போக மாட்டேன் என்று பேரரசருக்கு வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த இருட்டுக்கு நடுவிலும் வகுப்பறையில் அவர் வேறு மனிதர். 1903-ல் இயற்கையின் தத்துவம் பற்றிப் பேசத் தொடங்கியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. அவருடைய மாணவிகளில் ஒருவர் லீஸ் மைட்னர். அணுக்கருப் பிளவை விளக்கியவர்களில் ஒருவராகப் பின்னாளில் புகழ் பெற்ற அவர், போல்ட்ஸ்மானின் வகுப்புகளை வாழ்நாள் முழுக்க வியந்து நினைவுகூர்ந்தார். 1905-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குப் போய்ப் பாடம் எடுத்துவிட்டு வந்த போல்ட்ஸ்மான், அந்தப் பயணத்தைப் பற்றி வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் கட்டுரை எழுதினார். மதுவுக்குத் தடை இருந்த பெர்க்லி ஊரில், பக்கத்து ஊரில் இருந்து ஒயின் வரவழைக்க அவர் பட்ட பாடும் அதில் உண்டு.

ஆனால் கண்பார்வை மங்கிக்கொண்டே போனது. ஆஸ்துமாவும் தலைவலியும் வாட்டின. 1906-ல் வகுப்பு எடுக்கவே முடியாத நிலை. அந்தக் கோடையில் மனைவியோடும் கடைசி மகள் எல்ஸாவோடும் டிரியஸ்டே அருகே உள்ள டுயினோ என்ற கடலோர ஊருக்கு ஓய்வெடுக்கப் போனார். இன்று இத்தாலியில் இருக்கும் ஊர் அது. செப்டம்பர் 5-ஆம் தேதி, அங்கே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 62.

அணுக் கொள்கையை யாரும் ஏற்காததால்தான் இறந்தார் என்று இணையத்தில் பல இடங்களில் படிக்கலாம். அது முழு உண்மை இல்லை. அவர் ஒதுக்கப்பட்டவர் இல்லை. பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக்கொண்டு அழைத்த பேராசிரியர். அவருக்கு இருந்தது பல ஆண்டுகளாகத் தொடர்ந்த, அன்றைக்குச் சரியான சிகிச்சை இல்லாத மனநோய். இருதுருவ மனநிலைக் கோளாறாக இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். அறிவுச் சண்டைகள் அந்தச் சுமையைக் கூட்டியிருக்கலாம். ஒரே காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது.

(மன அழுத்தமோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் உதவி கேளுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம்.)

காலம் தாழ்ந்து வந்த தீர்ப்பு

அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1905-ல், சுவிட்சர்லாந்தில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த 26 வயது ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள் சும்மா இல்லாமல் துள்ளிக்கொண்டே இருப்பது ஏன் என்பதை, மூலக்கூறுகள் இடிப்பதை வைத்து அவர் கணக்கிட்டுக் காட்டினார். 1908 முதல் பிரான்சில் ஜான் பெரின் அதைச் சோதனையில் அளந்து உறுதி செய்தார். கணக்கும் சோதனையும் பொருந்தின. அணு இருக்கிறது.

எதிர்த்து நின்ற ஆஸ்ட்வால்டே 1909-ல் அணுவை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதைக் கேட்க போல்ட்ஸ்மான் உயிரோடு இல்லை. மூன்று ஆண்டுகள்தான் இடைவெளி.

இன்னொரு திருப்பமும் உண்டு. போல்ட்ஸ்மானின் வாய்ப்புக் கணக்கை ஆரம்பத்தில் ஏற்காத மாக்ஸ் பிளாங்க், 1900-ல் சூடான பொருள் வீசும் ஒளியை விளக்க வழி தெரியாமல் திணறியபோது, கடைசியில் கையில் எடுத்தது அதே எண்ணும் முறையைத்தான். குவாண்டம் இயற்பியல் பிறந்தது அங்கேதான். எஸ் = கே லாக் டபிள்யூ என்று அந்தச் சூத்திரத்தை இன்றைய வடிவில் எழுதியவரும் அந்த மாறிலியைக் கணக்கில் கொண்டு வந்தவரும் பிளாங்க். ஆனால் அதற்கு நிலைத்த பெயர் போல்ட்ஸ்மான் மாறிலி. 2019 மே 20 முதல், வெப்பநிலையின் அலகான கெல்வினுக்கு உலகம் முழுக்க வரையறையே இந்த மாறிலியை வைத்துத்தான்.

சரி, விடை கிடைத்துவிட்டதா?

பாதி கிடைத்திருக்கிறது. இன்று என்ட்ரோபி குறைவாக இருந்தால், நாளை ஏன் கூடும் என்பதற்கு போல்ட்ஸ்மானின் பதில் இன்றும் அசையாமல் நிற்கிறது. வழிகள் அதிகம் உள்ள பக்கம் போகும், அவ்வளவுதான்.

மீதி கேள்வி வேறு. நேற்று என்ட்ரோபி ஏன் இன்னும் குறைவாக இருந்தது? ஊதுபத்தி வாசனை பரவ வேண்டுமானால், முதலில் அது ஒரு மூலையில் ஒடுங்கி இருக்க வேண்டும் இல்லையா? இப்படியே பின்னோக்கிப் போனால், சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் தொடங்கிய நிலையில் போய் நிற்போம். அந்த ஆரம்பம் மிகக் குறைந்த என்ட்ரோபியோடு இருந்ததால்தான் நட்சத்திரம் எரிகிறது, டீ ஆறுகிறது, நமக்கு நேற்று என்று ஒன்று இருக்கிறது என்பது இன்றைய இயற்பியலாளர்கள் பெரும்பாலானோரின் கருத்து. அந்த ஆரம்பம் ஏன் அப்படி இருந்தது என்பதற்கு, எல்லோரும் ஏற்கும் பதில் இன்னும் வரவில்லை. தற்செயலாக ஏற்பட்ட ஏற்ற இறக்கம் என்று போல்ட்ஸ்மான் முன்வைத்த யோசனையை இப்போது பெரும்பாலும் யாரும் ஏற்பதில்லை. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வழி காட்டியது அவர்தான்.

வியன்னாவின் மத்தியக் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு வெள்ளைப் பளிங்கில் சிலை இருக்கிறது. அவர் இறந்து 27 ஆண்டுகள் கழித்து, 1933-ல் வைத்தது. தாடியோடு கூடிய அந்த முகத்துக்கு மேலே, கல்லில் பொறித்திருப்பது அந்தச் சின்னச் சூத்திரம்தான்: எஸ் = கே லாக் டபிள்யூ.